நாச்சியார் திருமொழிக்கு எந்த உரை வாங்கலாம்? புரட்டிப் பார்க்க மூன்று பாட்டு

'ஆண்டாள் பாசுரங்கள்' என்று அட்டை போட்டு வரும் மெல்லிய புத்தகங்களில் பெரும்பாலும் திருப்பாவை முப்பதும் வாரணமாயிரம் பதினொன்றும்தான் இருக்கும். மார்கழிக்கும் கல்யாண வீட்டுக்கும் அது போதும். காதலைக் கொண்டே பக்தியைச் சொன்ன முழு ஆண்டாள் வேண்டுமென்றால் நாச்சியார் திருமொழியின் 14 திருமொழி (பதிகம்), 143 பாசுரமும் வேண்டும். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தின் தொடர் எண்ணில் 504 முதல் 646 வரை. அட்டையை விட்டுவிட்டுக் கடைசிப் பதிகத்தைப் பாருங்கள். 'பட்டி மேய்ந்தோர் காரேறு' இல்லையென்றால் அது தொகுப்பு, முழு நூல் அல்ல.

கிடைப்பவை மூன்று வகை. மூலம் மட்டும் உள்ளது பாராயணத்துக்கு. பதவுரையும் விளக்கமும் உள்ளது படிக்க. பெரியவாச்சான் பிள்ளையின் மணிப்பிரவாள (தமிழும் வடமொழியும் கலந்த நடை) வியாக்கியானம், அதாவது விரிவுரை, உள்ளது தங்கிப் படிக்க. இவற்றோடு, பாட்டை உரைநடையில் சுருக்கித் தரும் 'எளிய உரை'களும் உண்டு. அதிகம் விற்பது இவைதான். அதிகம் கோட்டைவிடுவதும் இவைதான். சோதிக்க மூன்று பாட்டு போதும்.

முதலில் 7-1, அதாவது ஏழாம் திருமொழியின் முதல் பாட்டு; தொடர் எண் 567.

கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ
திருப்பவளச் செவ்வாய்தான் தித்தித் திருக்குமோ
மருப்பொசித்த மாதவன்தன் வாய்ச்சுவையும் நாற்றமும்
விருப்புற்றுக் கேட்கின்றேன் சொல்லாழி வெண்சங்கே

'நாறுதல்' அன்று மணத்தல். இதைச் சொல்லாத உரை இன்றைய வாசகரை முதல் அடியிலேயே முகம் சுளிக்க வைக்கும். 'மருப்பொசித்த' என்பது மருப்பு + ஒசித்த: குவலயாபீட யானையின் கொம்பை முறித்தவன். கடைசி அடியைக் கவனியுங்கள். 'சொல்' தனி வினை; 'ஆழி' கடல் என்ற பொருளில் சங்குக்கு அடை. இங்கே அதைச் சக்கரம் என்று எழுதியிருந்தால் உரைகாரர் பாட்டைப் படிக்கவில்லை, பழக்கத்தில் எழுதியிருக்கிறார். ஆண்டாள் பேசுவது சங்கிடம் மட்டும். ஏன் சங்கு? அவன் வாயில் இருப்பது அதுதானே, ருசி தெரிந்தவரிடம்தான் ருசியைக் கேட்க முடியும். அதே பதிகத்தின் எட்டாம் பாட்டில் 'உண்பது சொல்லில் உலகளந்தான் வாயமுதம்' என்று அதன்மேல் பொறாமையே வந்துவிடுகிறது. நல்ல உரை இந்த இரண்டு பாட்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டும்.

அடுத்தது 1-5 (508). மன்மதனிடம் வேண்டுதல். 'ஊனிடை ஆழி சங்கு உத்தமர்க்கென்று' என்ற அடியில் ஆழி சக்கரமேதான். ஒரே சொல், இரண்டு பதிகம், இரண்டு பொருள்; இரண்டையும் சரியாகப் பிரித்த பதவுரை நம்பத் தக்கது. இந்தப் பாட்டின் உவமை கடுமையானது. வேள்வியில் தேவர்க்கென்று வைத்த அவியை (வேள்வி உணவை)க் காட்டு நரி புகுந்து மோப்பதைப் போல, அவனுக்கென்று எழுந்த தன் முலைகளை மானிடவர்க்கென்று பேச்சு வந்தாலே வாழமாட்டேன் என்கிறாள். உடல்தான் இங்கே அவி. 'முலைகள்' வந்த இடத்தில் 'உள்ளம்' என்று எழுதிப் போகும் உரையில் நரியும் வேள்வியும் அர்த்தமில்லாமல் தொங்கும்.

மூன்றாவது 13-8 (634). தன்னை உருக்கியும் 'உளளோ இலளோ' என்று கேளாதவனைக் கண்டால், பயனில்லாத கொங்கையைக் 'கிழங்கோடும் அள்ளிப் பறித்திட்டு அவன் மார்பில் எறிந்து' அழல் தீர்வேன் என்கிறாள். கிழங்கோடு என்றால் வேரோடு. 'பிரிவுத் துயரை வெளிப்படுத்துகிறாள்' என்று ஒரு வரியில் முடித்திருந்தால் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிடலாம்.

மழுப்பலுக்குச் சாக்கு உட்பொருள். வைணவ உரை மரபில் வெளியே தெரியும் காதல் பேச்சு அந்யாபதேசம். அதன் உட்கருத்து ஸ்வாபதேசம். முலை என்பதற்குப் பக்தி என்று பொருள் கொள்வது அந்த மரபுதான், பிழையில்லை. ஆனால் அது வெளிப்பொருளின் மேல் ஏறும் மாடி, அதை அழிக்கும் ரப்பர் அல்ல. அடுத்த பாட்டிலேயே (13-9) ஆண்டாள் இரண்டையும் சேர்த்துவிடுகிறாள்: 'கொம்மை முலைகள் இடர் தீரக் கோவிந்தற்கு ஓர் குற்றேவல்' இம்மைப் பிறவியில் செய்யாமல் இனிப் போய்ச் செய்யும் தவம் எதற்கு என்று. உடலின் வேட்கையும் கைங்கர்யமும் (இறைவனுக்குச் செய்யும் தொண்டு) ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. உரைகாரர் எதைப் பிரிப்பார்?

நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பராங்குச நாயகி, பரகால நாயகி என்று பெண் நிலையை ஏறிட்டுக்கொண்டவர்கள். 'ஞானத்தில் தம் பேச்சு, ப்ரேமத்தில் பெண் பேச்சு' என்கிறது ஆசார்ய ஹ்ருதயம் என்ற வைணவ நூல். அதிலேயே தோழிக்கு உணர்த்தி, தாய்க்குத் துணிவு, மகளுக்குப் பதற்றம் என்று நிலை பிரித்திருக்கிறது. திருவாய்மொழியின் பெண் பேச்சுப் பதிகங்களைப் படிக்க இது நல்ல சாவி. ஆண்டாளுக்கு ஏறிட்டுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லை. அவள் காதலைப் பள்ளமடை என்பார்கள், தண்ணீர் தானே பாயும் இடம். முன்னுரையில் இந்த வேறுபாட்டைத் தொடாத பதிப்பு இரண்டையும் ஒரே 'நாயகி பாவம்' என்று கட்டிவைத்திருக்கும்.

வியாக்கியானப் பதிப்பை வாங்குபவர்கள் மூலத்தில் சீர் பிரித்திருக்கிறதா, பாட்டு முதற்குறிப்பு இருக்கிறதா, தொடர் எண்ணும் பதிக எண்ணும் இரண்டுமே இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் வேறு நூலில் மேற்கோள் வரும்போது தேடியே களைத்துவிடும். மணிப்பிரவாளம் முதல் இருபது பக்கம் முரண்டு பிடிக்கும். பாட்டின் அவதாரிகையை (முன்னுரையை) முதலில் படித்து, பதவுரையைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, அதன் பிறகு சொல் சொல்லாக வரும் விளக்கத்துக்குப் போனால் பிடிபடும். நேரே முதல் திருமொழியில் தொடங்க வேண்டாம். கல்யாணக் காட்சிகள் தெரிந்தவைதானே, ஆறாம் திருமொழியான வாரணமாயிரத்தில் மொழியைப் பழகிக்கொண்டு ஏழாவதற்கு வரலாம்.

சைவப் பக்கம் இதே வழியில் போக நினைப்பவர்களுக்குத் மாணிக்கவாசகரின் திருக்கோவையார் உண்டு, 400 பாட்டு. ஆனால் பேராசிரியர் உரை பெரும்பாலும் துறையும் (காதல் நிகழ்ச்சி) கிளவியுமாக (யார் கூற்று) அகப்பொருள் இலக்கண வழியிலேயே நடக்கும். தில்லைக் கூத்தன் ஒவ்வொரு பாட்டிலும் எங்கே வந்து நிற்கிறான் என்பதை நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும்.