மாமாவின் வி-கிராஸா, என் கேம்பரா: படகு இழுக்க எது?

அக்கா வீட்டுக்காரர் வில்லியனூரில் டைல்ஸ், பெயின்ட் கடை வைத்திருக்கிறார். ஆசைப்பட்டு வாங்கிய 2017 மாடல் இசுசு வி-கிராஸ் பிக்கப் அவரிடம் நிற்கிறது. என்னிடம் இருப்பது மஹிந்திரா போலேரோ கேம்பர் பிக்கப், வாங்கி ரொம்ப வருஷம் ஆகவில்லை. எனக்குக் கடலூர் முதுநகரில் பைபர் படகு ரிப்பேர் ஷெட். தேவனாம்பட்டினம், தாழங்குடா, புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் நல்லவாடு என்று பல கரைகளிலிருந்தும் படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வருவதும், வேலை முடிந்ததும் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்புதான்.

பொங்கலுக்கு வந்தபோது மாமாவே பேச்சை எடுத்தார். "மச்சான், எனக்கு லோடு அடிக்கிற வண்டி வேணும், உனக்கு இழுக்கிற வண்டி வேணும். மேல கீழ பணம் எதுவும் வேணாம், அப்படியே மாத்திக்கலாமே?" பழைய வி-கிராஸுக்கும் புதுசான கேம்பருக்கும் நாங்கள் விசாரித்த வரை விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் பணம் ஒரு பிரச்சினையாக வரவில்லை. எந்த வண்டி எதற்கு என்பதுதான் கேள்வி. இதே யோசனையில் இருக்கும் வேறு யாருக்கும் உதவட்டும் என்று நான் போட்டுப் பார்த்த கணக்கை இங்கே எழுதுகிறேன்.

பேப்பரில் பார்த்தால் போட்டியே இல்லை. மாமாவின் வி-கிராஸில் 2.5 லிட்டர் டீசல் இன்ஜின்: 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). என் கேம்பரிலும் 2.5 லிட்டர் டீசல்தான், ஆனால் 75 குதிரைத்திறன், 200 நியூட்டன் மீட்டர். அவருடையதில் நான்கு சக்கர ஓட்டம் உண்டு. என்னுடையதில் பின்சக்கரம் மட்டும். கேம்பரிலும் நான்கு சக்கர ஓட்டத்தோடு வரும் ரகம் இருக்கிறது, நான் வாங்கியது அது இல்லை. இரண்டுக்கும் அடியில் ஏணி மாதிரி சேஸிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங். உடம்பு இரண்டுக்கும் கெட்டி என்பதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் நம் ஊர் ரோட்டை நினைத்துப் பாருங்கள். நல்லவாட்டிலிருந்து தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், முள்ளோடை, மஞ்சக்குப்பம் வழியாக முதுநகர் வரை தரை சமமாகவே கிடக்கிறது. கேப்பர் மலைப் பக்கம் போனால்தான் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள ஏதாவது உண்டு. முப்பது அடிப் படகு, இன்ஜின், டிரெய்லர் எல்லாம் சேர்த்து எடை மேடையில் ஏற்றினால் ஒன்றரை டன்னை ஒட்டி வருகிறது. அதை நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் இழுக்க 75 குதிரைத்திறன் தாராளம். முதல் கியரில் கிளட்சைப் பதமாக விட்டு நகர்த்திவிட்டால் அப்புறம் கேம்பர் முனகுவதில்லை. படகை ஏற்றிக்கொண்டு எண்பதில் போகிறவர்களை ஈ.சி.ஆரில் பார்த்திருக்கிறேன். அந்த வேகம் எந்த வண்டிக்கும் கூடாது.

என்னை யோசிக்க வைத்தது பிரேக்தான். பின்னால் வரும் ஒன்றரை டன்னுக்குத் தனியாகப் பிரேக் இல்லையென்றால், நாம் பிரேக்கை அழுத்தும்போது அது நிற்காமல் வண்டியை முன்னால் தள்ளும். நேராகத் தள்ளினால் நிற்கும் தூரம் கூடும். கொஞ்சம் திரும்பியிருக்கும்போது தள்ளினால் வண்டியின் பின்பக்கத்தையே ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடும். மழையில் நனைந்த ரோட்டில், பஸ் சட்டென்று ஓரங்கட்டும் இடத்தில், இது எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வி-கிராஸ் ஏறத்தாழ 1.9 டன் எடை. கேம்பர் அதைவிட லேசு. கனமான வண்டி அந்தத் தள்ளலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அது உண்மை. எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. வி-கிராஸ் சேர்ந்த இதே டி-மேக்ஸ் குடும்பத்து வண்டிகள் இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் விற்கின்றன. அங்கே, தனிப் பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3.5 டன் வரை இழுக்கலாம் என்கிறார்கள். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 750 கிலோ, அவ்வளவுதான். இன்ஜின் அதே, சேஸிஸ் அதே. டிரெய்லரில் பிரேக் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எல்லை ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலே என்று இறங்கிவிடுகிறது.

என் டிரெய்லர் உள்ளூர் லேத் பட்டறையில் அடித்தது. அதில் பிரேக் கிடையாது. நம் பக்கம் ஓடும் படகு டிரெய்லர்களில் நான் பார்த்த பெரும்பாலானவற்றில் கிடையாது. ஆக, நான் வி-கிராஸுக்கு மாறினாலும் அந்த 750 கிலோவைப் போல இரண்டு மடங்கைத்தான் இழுத்துக்கொண்டு போவேன். பெரிய இன்ஜின் இருக்கும் தைரியத்தில் வேகமும் கூடும். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கே எனக்குப் பாதி முடிவு தெரிந்துவிட்டது.

இதற்கு மருந்து ஓவர்-ரன் பிரேக். டிரெய்லரின் கொக்கிப் பகுதி ஒரு குழாய்க்குள் முன்னும் பின்னும் நகரும்படி இருக்கும். முன்வண்டி வேகத்தைக் குறைத்ததும் டிரெய்லர் முன்னால் வந்து முட்டும். அந்த முட்டலே ஒரு கம்பியை அமுக்கி, டிரெய்லர் சக்கரத்தின் டிரம் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். முன்வண்டியிலிருந்து ஒயரோ ஹோஸோ எதுவும் வேண்டாம். எந்த வண்டியில் மாட்டினாலும் வேலை செய்யும். ஒன்றே ஒன்று: உப்பனாற்றுத் தண்ணீரில் சக்கரத்தை இறக்குகிறவர்கள் வீட்டுக்கு வந்ததும் டிரம்முக்குள் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவியே ஆக வேண்டும். உப்பு ஏறினால் பிரேக் ஷூ இறுகிக்கொள்ளும், பேரிங் சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது பாரம் உட்காரும் இடம். பைபர் படகில் இன்ஜின் அமரத்துப் பக்கம், அதாவது படகின் பின்பக்கம், இருக்கிறது. படகைச் சும்மா டிரெய்லரில் ஏற்றி வைத்தால் எடை முழுக்க அச்சுக்குப் பின்னால் போய்விடும். கொக்கிப் பக்கம் லேசாகிவிட்டால் ஓடும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆரம்பித்துவிட்டால் பிரேக் பிடிப்பது அதை இன்னும் கெடுக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறைய விட வேண்டும். மொத்த எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் உட்கார வேண்டும் என்பது பரவலாகச் சொல்லும் ஒரு கணக்கு. ஒன்றரை டன்னுக்கு 150 கிலோவிலிருந்து 225 கிலோ வரை.

அதைப் பார்ப்பதும் சுலபம். மீன் நிறுக்கும் எலக்ட்ரானிக் மேடைத் தராசு ஒன்றை ஏலம் எடுப்பவரிடம் கேட்டு வாங்கி, சமதரையில் வைத்து, அதன்மேல் மரக்கட்டையை நிறுத்தி, டிரெய்லர் கழுத்தை வண்டியில் மாட்டும் உயரத்திலேயே இறக்கினேன். தராசு 60 கிலோ காட்டியது. படகை ஒரு முழம் முன்னால் இழுத்து அணியத்தை (படகின் முன்முனையை) கட்டினோம், 110 வந்தது. இன்ஜினைக் கழற்றி வண்டித் தொட்டியில் வைத்ததும் 160ஐத் தாண்டியது. பின்னால் கனத்த இன்ஜின் போனதால் மொத்த எடையும் குறைந்துவிட்டது. கேம்பரின் தொட்டி ஒரு டன் தாங்கும் என்பதால் இன்ஜின் அங்கே போவதில் எந்தக் கஷ்டமும் இல்லை. இந்த இடத்தில் கேம்பருக்குத்தான் மதிப்பெண்.

கரையில் கதை வேறு. தாழங்குடாவில் தென்பெண்ணை முகத்துவாரம் பக்கம் மணல் மாவு மாதிரி. படகை டிரெய்லரில் ஏற்றிவிட்டு, ஈரம் இல்லாத மணலில் பின்சக்கர வண்டியை நகர்த்திப் பாருங்கள்: சக்கரம் சுற்றும், வண்டி குழிக்குள் இறங்கும், கிளட்ச் வாடை அடிக்கும். வி-கிராஸில் நான்கு சக்கரத்தையும் சேர்த்து, குறைந்த கியர் வரிசையில் போட்டால் அது பாட்டுக்கு ஊர்ந்து மேலே வந்துவிடும். மாமா வண்டியைக் கொண்டுவந்து ஒருமுறை இழுத்தும் பார்த்தோம். டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்ததும் சத்தமே இல்லாமல் வந்தது. மணல், சரிவு, ஈரம் இந்த மூன்றிலும் கேம்பரால் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. தினம் மணலிலிருந்து படகை ஏற்றுகிறவர் என்றால் இந்த ஒரு காரணமே வண்டியை மாற்றப் போதும்.

எனக்கு அது தினப்படி இல்லை. படகை மணலிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவர அந்தந்தக் குப்பத்திலேயே டிராக்டர் இருக்கிறது. கேட்கிற கூலி நியாயமாகவும் இருக்கிறது. மணல் வேலையை டிராக்டருக்கும் ரோட்டு வேலையை கேம்பருக்கும் பிரித்துக் கொடுத்தால் கணக்கு சரியாக வருகிறது.

அப்புறம் ஆர்.சி. புத்தகம். நிறைய பேர் இதைக் கடைசியில் யோசிக்கிறார்கள், நான் முதலில் யோசிக்கச் சொல்வேன். மாமா வண்டி பி.ஒய்.-01, வெள்ளை போர்டு. என் வண்டி டி.என்.-31, மஞ்சள் போர்டு. இரண்டு ஊருக்கும் நடுவில் முள்ளோடை மட்டும்தான் என்றாலும், சட்டத்தின் கண்ணில் இது மாநிலம் விட்டு மாநிலம். இரண்டு பக்கமும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், பெயர் மாற்ற 29, 30ஆம் நம்பர் படிவங்கள் கொடுக்க வேண்டும், புது நம்பர் போட வேண்டும், தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும், புதுச்சேரியில் கட்டியதில் மீதியைத் திரும்பக் கேட்க வேண்டும். கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். சும்மா சாவியை மாற்றிக்கொண்டு ஓட்டினால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அந்த நம்பரில் இங்கே வைத்திருக்க முடியாது.

"நமக்குள்ள எதுக்கு பேரு மாத்திக்கிட்டு?" என்று மாமா கேட்டார். பாசத்தில் கேட்டது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. வண்டியை விற்றுக் கைமாறிவிட்டாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான் படகோடு போய் யாரையாவது இடித்தால் வழக்கு மாமா பெயரில் நடக்கும். அக்கா வீட்டுக்கு அப்படி ஒரு சம்மன் போவதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை. அவர் என் கேம்பரில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு போகும்போது நடந்தால், அதே கதை என் வாசலில்.

எனக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நான் இழுப்பது வாடிக்கையாளர் படகு, அதற்குக் காசு வாங்குகிறேன். வெள்ளை போர்டு வண்டியில் வாடகை வேலை செய்யக் கூடாது. ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும். மாற்றிக்கொண்டால் வி-கிராஸை வணிக வண்டியாகப் பதிய முடியுமா என்று வேறு அலைய வேண்டும். டிரெய்லரும் சட்டப்படி தனி மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவும் இன்சூரன்ஸும் இருக்க வேண்டும் என்பதை இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சில்லறை விஷயங்கள்: போலேரோ சாமான் கடலூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். வி-கிராஸ் 5.3 மீட்டர் நீளம். பின்னால் டிரெய்லரையும் மாட்டிக்கொண்டு முதுநகர் சந்துகளில் ரிவர்ஸ் எடுப்பது பெரிய வேலை. உட்கார்ந்து ஓட்ட வி-கிராஸ்தான் சுகம், அதில் வாதமே கிடையாது.

சொந்தப் படகு, சொந்த உபயோகம், அடிக்கடி மணல், இரண்டு வண்டியும் ஒரே மாநில நம்பர் என்று இருப்பவர் உறவுக்காரரிடம் இப்படி ஒரு வி-கிராஸ் கிடைத்தால் யோசிக்காமல் மாற்றிக்கொள்ளலாம், முதல் நாளே பெயரையும் மாற்றிக்கொண்டு. என் நிலைமையில் வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் வாடினாலும் காரணத்தைக் கேட்டதும் புரிந்துகொண்டார். லோடுக்குப் பழைய பிக்கப் ஒன்று பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், புதுச்சேரி நம்பரிலேயே.

டிரெய்லர் இப்போது லேத் பட்டறையில் இருக்கிறது. அச்சைப் பின்னால் தள்ளி வைக்கிறார்கள், ஓவர்-ரன் கொக்கியும் டிரம் பிரேக்கும் ஏறுகின்றன, கொக்கிக்கு அடியில் குறுக்காகப் போட இரண்டு சங்கிலியும் சொல்லியிருக்கிறேன். ஏப்ரல் 15இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஆரம்பித்ததும் பட்டறைக்காரர்கள் எல்லோரும் துறைமுக வேலைக்குப் போய்விடுவார்கள், அதற்குள் முடித்துத் தரச் சொல்லி முன்பணம் கொடுத்தாயிற்று.