அரை கிலோ பேலோடுக்கு பாராஃபாயிலா, குறுக்கு பாராசூட்டா?

ராக்கெட்ல ஏத்துற அரை கிலோ பேலோட (உள்ள வைக்கிற கேமரா, போர்டு மாதிரி சாமான்) பத்திரமா தரைக்கு எறக்க ரெண்டையும் தைச்சு, ரெண்டையும் போட்டு பாத்துட்டு கடைசில நான் நின்னது குறுக்கு பாராசூட்லதான், கூட்டல் குறி மாதிரி இருக்குமே அது. பாராஃபாயில் (அறை அறையா காத்து நெறஞ்சு றெக்க மாதிரி சறுக்கிப் போற பாராசூட்) மேல இருந்த ஆச இன்னும் போகல, அதனால ரெண்டையும் எழுதிடுறேன்.

வேகக் கணக்கு தெரிஞ்சதுதான், எறங்குற வேகத்த பாதியாக்க துணி நாலு மடங்கு வேணும். 500 கிராம் எடை, செகண்டுக்கு 5 மீட்டர், டிராக் கோஎஃபிஷியன்ட் (காத்துல எவ்வளவு தடை தருதுன்னு சொல்ற எண்) 0.6னு வச்சா சுமாரா 0.54 சதுர மீட்டர் வருது. 33 செ.மீ. அகலம், 1 மீட்டர் நீளத்துல ரெண்டு ரிப்ஸ்டாப் நைலான் (சுலபமா கிழியாத துணி) துண்ட குறுக்க வச்சு தைச்சா முடிஞ்சுது. வட்ட பாராசூட்டுக்கு துணி இன்னும் கம்மிதான், ஆனா நடுவுல ஓட்டை விடலன்னா ஊஞ்சலாட்டம் ஆடும், கேமரா வச்சவங்களுக்கு அது ஒத்துவராது.

பாராஃபாயில்ல ரெண்டு பக்க பிரேக் கயித்தயும் சர்வோ (சின்ன மோட்டார்) இழுக்கும், ஜிபிஎஸ் பாத்து நம்ம எறக்க நெனச்ச எடத்துக்கே திருப்பிக் கொண்டு வரலாம். அதோட முன்வேகத்த விட காத்து பலமா அடிச்சா மூக்கு நம்ம பக்கம் பாத்துகிட்டே பின்னால போகும், அது வேற விஷயம்.

என்ன முடிவு பண்ண வச்சது மடிப்புதான். ராக்கெட்டுக்குள்ள துணிய ஒரு குழாய்க்குள்ள திணிக்கிறோம், வெளிய வரும்போது குலுக்கலோட, சுத்தலோட வரும், நம்ம மடிச்ச மாதிரியே பிரியும்னு நம்ப முடியாது. டிரோன்லேந்து போட்டு பாத்தப்ப ஒரு தடவ பாராஃபாயிலோட இடது ஓரத்து அறை ரெண்டுல காத்து நெறயல, ஒரு கயிறு துணி மேல விழுந்து கெடந்துச்சு. அவ்வளவுதான், அந்தப் பக்கமா சாய்ஞ்சு சுழிச்சுகிட்டே போய் தரையில குத்திருச்சு, சர்வோ எவ்வளவு இழுத்தும் வெளிய வரல. குறுக்கு பாராசூட்ல ஒரு கை முழுசா விரியலன்னு வைங்க, அஞ்சு சதுரத்துல ஒண்ணு போச்சு, கணக்குப்படி எறங்குற வேகம் 5ங்கிறது 5.6 ஆகும், கொஞ்சம் சாய்ஞ்சு சுத்தும், ஆனா உள்ள இருக்குற சர்க்யூட் போர்டு பொழச்சுக்கும். மடிப்பு தப்பினாலும் பொருள காப்பாத்துறது எதுவோ அதத்தான் நான் எடுப்பேன்.

இதுலயும் கொற இருக்கு. கயிறு நீளத்துல சின்ன வித்தியாசம் வந்தாலும் சுத்த ஆரம்பிச்சிரும், அதனால ஸ்விவல் (கயிறு முறுக்காம தானா சுத்துற இணைப்பு) கண்டிப்பா போடுங்க. காத்துல தள்ளிப் போறதயும் நிறுத்த முடியாது, கொறைக்கதான் முடியும். 300 மீட்டர்ல விரிச்சா தரைக்கு வர 60 செகண்ட், செகண்டுக்கு 6 மீட்டர் காத்துல 360 மீட்டர் தள்ளிப் போயிரும். அதே 300 மீட்டர் உச்சில குட்டி டிரோக்க (மொதல்ல விரியுற சின்ன பாராசூட்) மட்டும் விட்டு செகண்டுக்கு 15 மீட்டர் வேகத்துல எறக்கி, 100 மீட்டர்ல மெயின (பெரிய பாராசூட்ட) தெறந்தா அதே காத்துல 200 மீட்டரோட நிக்கும்.

மூணாவது வழி சுழல் எறகு, விதை மாதிரி சுத்திகிட்டே எறங்குறது, அத மொட்ட மாடிலேந்துதான் போட்டிருக்கேன். கயிறே இல்ல, சிக்கலும் இல்ல, அது பிடிச்சிருந்துச்சு. ராக்கெட்ல ஏத்தாம அதுக்கு மேல சொல்றது சரியில்ல.

சுத்தி தண்ணி, எறங்க ஒரே ஒரு திட்டுதான்னா பாராஃபாயில் பக்கம் போங்க, வேற வழியில்ல. ஆனா ஒரே மாதிரி மடிக்க கை பழகுற வரைக்கும் பேலோடுக்கு பதிலா மணல் மூட்டைய கட்டி போட்டு பாருங்க. எதுவா இருந்தாலும் வாரக்கணக்கா மடிச்சே வைக்காதீங்க, மடிப்புல ஒட்டிகிட்டு மெதுவாதான் பிரியும், நான் ஏவுற அன்னிக்கு காலைலதான் மடிக்கிறேன்.