சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமி நினைவு நடை: காசு கொடுத்துப் போகலாமா?

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணி என்ற பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் கேப்டன் லட்சுமியின் வாழ்க்கையைத் தமிழில் சொல்லியபடியே அழைத்துப்போகும் நடைச் சுற்றுலா ஒன்று சிங்கப்பூரில் இருப்பதாகக் கேள்விப்பட்டதும் நானும் மனைவியும் உடனே பதிவு செய்துவிட்டோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நடத்தும் சின்ன ஏற்பாடுதான், ஞாயிறு காலை மட்டும். போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போங்கள். குறைகள் உண்டு, அதையும் சொல்கிறேன், ஆனால் லட்சுமியின் கதையை எங்கே தொடங்கி எதுவரை சொல்ல வேண்டும் என்பதில் இவர்கள் எடுத்திருக்கும் முடிவு எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

பொதுவாக அவர் பெயரைச் சொன்னால் ராணுவ உடுப்பு, தொப்பி, நேதாஜியோடு அணிவகுப்பைப் பார்வையிட்டு வரும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படம், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அவர் படையில் இருந்தது 1943 ஜூலையிலிருந்து சுமார் இரண்டு வருஷம். அதற்குப் பிறகு கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தது ஏறக்குறைய அறுபது வருஷம்! இந்த நடையில் அந்த அறுபது வருஷத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதற்காகவே கட்டணம் கொடுக்கலாம்.

எஸ்பிளனேட் பூங்காவில் தொடங்குகிறது. இந்திய தேசிய ராணுவத்தில் இறந்தவர்களுக்காக நேதாஜி 1945 ஜூலையில் அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னம் அங்கேதான் இருந்தது, திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதே வருஷம் அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டது, இப்போது இருப்பது 1995-இல் வைத்த நினைவுப் பலகை. நான் இதற்கு முன்னால் அதைக் கவனித்ததே இல்லை. எதிரே பாடாங். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி படையைப் பார்வையிட்ட மைதானம். ஆனால் வழிகாட்டி நேதாஜிக்கு உடனே போகவில்லை, லட்சுமி சிங்கப்பூருக்கு வந்த 1940-லிருந்து ஆரம்பித்தார். சென்னையில் பிறந்து, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் 1938-இல் பட்டம் வாங்கி, மகப்பேறு மருத்துவமும் படித்த பெண். அப்பா சுவாமிநாதன் பெயர்போன வக்கீல், அம்மா அம்மு சுவாமிநாதன் பின்னாளில் அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் இங்கே வந்து திறந்த கிளினிக்குக்கு வந்தவர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது காயம்பட்ட போர்க்கைதிகளுக்கும் சிகிச்சை கொடுத்திருக்கிறார். ஆக, துப்பாக்கியைத் தொடுவதற்கு முன்பே அவர் யாருக்கு டாக்டராக இருப்பது என்று முடிவு செய்துவிட்டார். வழிகாட்டி இதை அழுத்திச் சொன்னது நல்ல விஷயம்.

அங்கிருந்து கேத்தே கட்டடம். பழைய முகப்பை மட்டும் விட்டுவைத்து மற்றதைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். 1943 அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை நேதாஜி அறிவித்தது இங்கேதான், அந்த அமைச்சரவையில் ஒரே பெண் லட்சுமி. இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் அவசரமாக முடித்துவிட்டார்கள். சாலைச் சத்தத்தில் பின்னால் நின்ற எங்களுக்குப் பாதிதான் கேட்டது. ஒலிவாங்கியோ காதில் மாட்டும் கருவியோ கிடையாது, கூட்டமும் அதிகம். பத்துப் பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. கையில் கொடுத்த தாளில் படங்கள் தபால்தலை அளவில் இருந்தன, கண்ணாடி போட்டும் முகம் தெரியவில்லை.

வாட்டர்லூ தெருதான் இந்த நடையின் உயிர். தற்காலிக அரசு அறிவிக்கப்பட்ட மறுநாளே ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் இந்தத் தெருவில் திறந்தது. இன்றைக்கு ஒரு பக்கம் ஸ்ரீ கிருஷ்ணன் கோயில், பக்கத்திலேயே சீனர்களின் குவான் யின் கோயில், பூ விற்பவர்கள், ஊதுவத்திப் புகை. அந்த முகாமுக்கு வந்த பெண்களில் பெரும்பாலானவர்கள் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த குடும்பத்துத் தமிழ்ப் பிள்ளைகள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காதவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். பார்க்காத ஊருக்காகத் துப்பாக்கி தூக்கிய அந்தப் பெண்களைப் பற்றி நம் பாடப் புத்தகங்களில் எவ்வளவு இருக்கிறது என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. கோலாலம்பூரில் நேதாஜியின் பேச்சைக் கேட்டுக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்த ஜானகி ஆதி நாகப்பன் பற்றியும் சொன்னார்கள். படையில் லட்சுமிக்கு அடுத்த இடத்துக்கு வந்தவர், மலேசியாவில் செனட்டராக இருந்தவர், 2000-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவருக்கென்றே தனி நடை வைக்கலாம்.

அப்புறம் அங்கேயே ஓரமாக நிழலில் உட்காரவைத்து மீதிக் கதையைச் சொன்னார். பர்மாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டது, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது, இந்திய தேசிய ராணுவத்தினர் மேல் பிரிட்டிஷ் அரசு டெல்லி செங்கோட்டையில் நடத்திய வழக்கில் நின்ற மூன்று அதிகாரிகளில் ஒருவரான பிரேம் சாகலை 1947-இல் லாகூரில் மணந்தது, கான்பூரில் குடியேறியது. பிரிவினையில் வந்து சேர்ந்த அகதிகள், 1971-இல் வங்கதேச எல்லையில் அகதி முகாம்கள், 1984 டிசம்பரில் போபால் விஷவாயு, எங்கே டாக்டர் தேவையோ அங்கே போயிருக்கிறார். அதே 1984-இல் இந்திரா காந்தி கொலைக்குப் பின் சீக்கியர்களைத் தாக்கக் கும்பல் கிளம்பியபோது தன் கிளினிக் இருந்த பகுதியில் தெருவில் இறங்கித் தடுத்திருக்கிறார். அப்போது வயது 70! 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து இடதுசாரிகள் சார்பில் நின்று தோற்றது எல்லோருக்கும் தெரியும். தொண்ணூறு வயதைத் தாண்டியும் காலையில் கிளினிக்குக்குப் போய் நோயாளிகளைப் பார்த்தார் என்பதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம்? 2012 ஜூலை 23 அன்று இறந்தார், உடலைக் கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்கள்.

எங்களோடு வந்த ஒரு பெரியவர், தோட்டத்தில் வளர்ந்தவராம், பேசி முடித்ததும் வழிகாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்கணும்மா நீங்க" என்றார். என் மனைவிக்கும் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு வருஷம் இதே தெருவில் கோயிலுக்கு வந்துபோயிருக்கிறோம்.

சரி, போகிறவர்களுக்குச் சில தகவல்கள். நடக்கும் தூரம் மூன்று கிலோமீட்டருக்குள்தான், வயதானவர்களும் மெதுவாக வந்துவிடலாம், ஆனால் பாடாங் பக்கம் வெயிலுக்கு ஒதுங்க இடம் குறைவு, குடையும் தண்ணீரும் கட்டாயம். சின்னப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பகுதி நீளமாகத் தெரியும், உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். முன்வரிசையில் நில்லுங்கள். பள்ளி விடுமுறை மாதங்களில் கூட்டம் இன்னும் அதிகம் என்று அவர்களே சொன்னார்கள், அதனால் மற்ற மாதங்களில் பதிவு செய்வது நல்லது. ஒலிவாங்கி விஷயத்தை நடத்துகிறவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன், வாங்கிவிடுவோம் என்றார்கள்.