செட் இல்லை, எல்லாம் நிஜக் கட்டடம்: குழந்தைகளோடு மெய்ஜி முரா

ஜப்பானில் பழங்காலத்தைக் காட்டும் பூங்கா என்றாலே நிஞ்ஜா, சாமுராய் இருக்கும் இடத்துக்குத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். நாங்கள் ஐச்சி மாநிலத்தில் இனுயாமா பக்கம் இருக்கும் மெய்ஜி முராவுக்குப் போனோம். நான், மனைவி, பத்து வயது மகள், ஐந்து வயது மகன். நாங்கள் இருக்கும் நாகோயாவில் இருந்து மெய்தெட்சு என்ற தனியார் கம்பெனியின் ரயிலில் அரை மணி நேரம், அப்புறம் பஸ்ஸில் இருபது நிமிடம், அவ்வளவுதான்.

இங்கே இருக்கும் அறுபது சொச்சம் கட்டடங்களில் எதுவும் காட்சிக்காகப் புதிதாகக் கட்டியது கிடையாது. பெரும்பாலும் மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) கட்டிய வீடு, சர்ச், சிறை, நாடகக் கொட்டகை என்று இடிபட இருந்தவற்றைப் பிரித்து எடுத்துவந்து இருகா ஏரிக்கரையில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். தனிகுச்சி யோஷிரோ என்ற கட்டடக் கலைஞரும், அவரோடு படித்து மெய்தெட்சுவில் பெரிய பொறுப்புக்கு வந்த நண்பரும் சேர்ந்து தொடங்கி, 1965இல் திறந்த இடம் இது. இந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இது மற்ற பூங்காக்களைவிட ஒரு படி மேல். படிக்கட்டு தேய்ந்திருக்கிறது என்றால் நிஜமாகவே நூறு வருடமாக ஆட்கள் ஏறி இறங்கித் தேய்ந்தது.

மகனுக்கு நீராவி ரயில் ஒன்றே போதும். 1874இல் இங்கிலாந்தில் செய்த 12ஆம் எண் என்ஜின், ஒருகாலத்தில் டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஓடியது, இன்றைக்கும் கரி போட்டு மரப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது. பயணம் சில நிமிடம்தான். ஆனால் இறங்கியதும் ஓடிவிடாதீர்கள். என்ஜினைக் கழற்றி ஒரு வட்ட மேடையில் ஏற்றி, ஊழியர்கள் தோள் கொடுத்துக் கையாலேயே தள்ளித் திருப்புகிறார்கள். அவர்கள் முக்கித் தள்ளத் தள்ள, என் மகன் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

எனக்குப் பிடித்தது, வடக்குக் கோடியில் இருக்கும் டோக்கியோ இம்பீரியல் ஹோட்டலின் முகப்பும் வரவேற்புக் கூடமும். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் வடிவமைத்தது. 1923 செப்டம்பர் 1, திறப்பு விழா நாளன்றே டோக்கியோவை உலுக்கிய கான்டோ பெருநிலநடுக்கம் வந்தும் தப்பி நின்ற கட்டடம், 1960களின் கடைசியில் இடிக்கப்பட்டபோது இந்தப் பகுதி மட்டும் மிஞ்சியது. இங்கே அதை முழுதாகச் சேர்த்து முடிக்க 1985 ஆகிவிட்டது. வாசலில் கூரை தலைக்கு மேலே தாழ்வாக இருக்கிறது, நாலு எட்டு வைத்ததும் சட்டென்று மூன்று மாடி உயரத்துக்குத் திறக்கிறது. செங்கல் தூண்களுக்கு உள்ளிருந்தே வெளிச்சம் கசிகிறது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சாப்பாடு மட்டும் யோசித்துப் போங்கள். அந்தக் காலத்து மாட்டிறைச்சிக் கடையில் இன்றும் அதே இறைச்சியைத்தான் வேகவைத்துத் தருகிறார்கள், நமக்குச் சரிப்படாது என்றால் இனுயாமா வருவதற்கு முன்பே ஓனிகிரி (சோற்று உருண்டை) வாங்கிக்கொள்வது நல்லது. இடம் முழுக்க மேடும் பள்ளமும், ஸ்ட்ரோலர் தள்ளுகிறவர்களுக்குக் கை வலிக்கும். இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று வந்தால் பாதிகூடத் தேறாது, திறக்கும்போதே வந்துவிடுங்கள்.

1909இல் கட்டிய உஜி-யமாதா தபால் நிலையமும் இங்கேதான் இருக்கிறது. அங்கே கடிதம் எழுதிக் கொடுத்தால் பத்து வருடம் கழித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். மகள் தனக்கே ஒன்று எழுதினாள், நான் எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொண்டாள். நம் வீட்டு முகவரியைப் போட்டிருக்கிறாயே, பத்து வருடம் கழித்தும் அங்கேயே இருப்போமா என்று அவள் அம்மா கேட்டதற்கு, பேனாவை மூடியபடியே "இருந்துதான் ஆகணும்" என்றாள்.