முதல் நாவலுக்கு ஸ்க்ரிவனர்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

முதல் இளையோர் நாவல் எழுதுகிறவர்களுக்குக் கதை வரிசையாக வந்து உட்காராது. ஒரு சண்டை, அனுப்பாத ஒரு கடிதம், கடைசிக் காட்சியின் இரண்டு வரி என்று துண்டு துண்டாக வரும்; அதுவும் வகுப்புக்கோ வேலைக்கோ போகிற அவசரத்துக்கு நடுவில். வேர்டில் எழுதினால் ஒரு மாதத்தில் ‘நாவல் புதுசு கடைசி 2’ என்கிற மாதிரிப் பத்துக் கோப்புகள் சேர்ந்துவிடும். இந்தத் தொல்லைக்கென்றே வந்த மென்பொருள் ஸ்க்ரிவனர். கீத் பிளவுன்ட் 2007இல் மேக்குக்கு முதலில் வெளியிட்டார். மூன்றாம் பதிப்பு மேக்கில் 2017இலும் விண்டோஸில் 2021இலும் வந்தது.

இடப்பக்கம் பைண்டர் என்றொரு பட்டி. அத்தியாயம் ஒரு ஃபோல்டர், அதற்குள் காட்சிக்கு ஒரு தாள். பள்ளியை விட்டு ஓடிவந்த பதினாறு வயதுப் பெண் பேருந்து நிலையத்தில் அப்பாவிடம் மாட்டிக்கொள்ளும் காட்சி ஒன்பதாம் அத்தியாயத்தில் இருக்கிறது, நாவலே அங்கேதான் தொடங்க வேண்டும் என்று பாதியில் உறைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சி மூவாயிரம் சொல் கொண்ட அத்தியாயத்தின் நடுவில் புதைந்திருக்கும். அது தொடங்குகிற வரியில் கர்சரை வைத்து கன்ட்ரோலும் கே-யும் (மேக்கில் கமாண்டும் கே-யும்) அழுத்தினால் தாள் அங்கேயே இரண்டாகும். முடிகிற இடத்தில் இன்னொரு முறை. நடுத்துண்டை இழுத்துப் பைண்டரின் உச்சியில் போட்டால் வேலை முடிந்தது. பிறகு ஸ்க்ரிவனிங்ஸ் பார்வையில் எல்லாத் தாள்களையும் ஒட்டவைத்து ஒரே ஓட்டமாகப் படித்தால், இடம் மாறியதால் எந்த வரி அந்தரத்தில் தொங்குகிறது என்று தெரிந்துவிடும். இந்த ஒரு வசதிக்காகவே காசு கொடுக்கலாம்.

அடுத்தது ஸ்னாப்ஷாட். திருத்த உட்காரும் முன் கன்ட்ரோல் 5 (மேக்கில் கமாண்ட் 5) அழுத்தினால் அந்தக் காட்சியின் அப்போதைய வடிவம் தனியே பத்திரமாகிவிடும். பழையது இருக்கிறது என்ற தைரியத்தில் வெட்டவும் கை வரும். ஆனால் இது தானாக நடக்காது, நாம்தான் எடுக்க வேண்டும். மறந்துவிட்டு வெட்டிவிட்டுப் புலம்புகிறவர்கள் நிறைய.

இலக்குப் பெட்டியில் மொத்தச் சொல், கெடு, வாரத்தில் எழுதுகிற நாட்கள் மூன்றையும் கொடுத்தால் அன்றாடக் கணக்கை அதுவே போட்டுத் தரும். 60,000 சொல்லுக்கு ஓர் அமர்வில் 500 என்றால் 120 அமர்வுகள். தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கில இளையோர் நாவலுக்கு வழக்கமாகச் சொல்லும் 50,000 முதல் 80,000 வரை என்ற அளவு நமக்குப் பொருந்தாது. ‘வந்துகொண்டிருந்தான்’ தமிழில் ஒரு சொல், ஆங்கிலத்தில் மூன்று. எண்ணிக்கை குறைவாகக் காட்டுகிறதே என்று கதையை ஊதிப் பெருக்காதீர்கள்.

நாவல் டெம்ப்ளேட்டோடு வருகிற பாத்திரப் படிவம், இடப் படிவம் பக்கம் கொஞ்ச நாள் போகாமல் இருப்பது நல்லது. நாயகியின் கண் நிறம், பழக்கவழக்கம் என்று நிரப்பிக்கொண்டே இருந்தால் எழுதுகிற மாதிரியே இருக்கும், ஒரு காட்சியும் நகர்ந்திருக்காது. காட்சிகளை அட்டைகளாகக் குத்திக் காட்டும் கார்க்போர்டில் அட்டைக்கு வண்ணம் அடிப்பதும் அதே ரகம்.

எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் கம்பைல். துண்டுகளைச் சேர்த்து டாக்ஸாகவோ (வேர்டில் திறக்கிற .docx கோப்பு) மின்னூலாகவோ ஆக்குவது இதுதான். அத்தியாயத் தலைப்பு இரண்டு முறை அச்சாகிறதா? தலைப்பை ஃபோல்டர் பெயரிலும் தாளுக்குள்ளும் எழுதியிருப்பீர்கள். தாளில் இருப்பதை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ‘அத்தியாயம்’ என்று விழுந்தால் செக்‌ஷன் லேஅவுட்டில் (எந்தத் துண்டு எப்படி அச்சாக வேண்டும் என்று சொல்லும் இடம்) ஃபோல்டருக்கு ஒன்று, காட்சிக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கவில்லை என்று பொருள். எழுத்துருவும் அங்கேதான் மாறும். கம்பைலில் ஆயத்தமாக வரும் மேனுஸ்கிரிப்ட் வடிவங்கள் டைம்ஸ், கூரியர் என்று கேட்கும். டைம்ஸ் நியூ ரோமனில் தமிழெழுத்தே கிடையாது. நிர்மலா, லதா, நோட்டோ செரிஃப் தமிழ் என ஒரு யூனிகோடு எழுத்துருவை நாமே தேர்ந்து வைக்க வேண்டும். அச்சகம் பாமினி (யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு) கேட்டால் அந்த மாற்றத்தைக் கடைசியில், ஸ்க்ரிவனருக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம்.

பேக்கப் விஷயத்தில் அலட்சியம் கூடாது. ப்ராஜெக்டை மூடும்போது அது தானாக ஒரு நகல் எடுக்கும், ஆனால் கடைசி 5 நகல்களைத்தான் வைத்திருக்கும். ஏதோ காணோமென்று பதறி ஐந்தாறு முறை திறந்து மூடினால் நல்ல நகல்கள் எல்லாம் தள்ளப்பட்டுப் போய்விடும். முதல் நாளே அமைப்பில் 25 என்று மாற்றுங்கள். நகல்கள் அதே கணினியின் வன்தட்டில்தான் கிடக்கும், அதனால் அந்த ஃபோல்டரையும் டிராப்பாக்ஸ் போல வெளியே போகிற ஓர் இடத்துக்கு மாற்றிவிடுங்கள். ப்ராஜெக்ட் என்பது ஒற்றைக் கோப்பு அல்ல, பல சிறு கோப்புகளின் மூட்டை. இரண்டு கணினியில் ஒரே நேரத்தில் திறந்தால் குழம்பும். ஐஃபோன், ஐபேடில் எழுத வேண்டுமென்றால் ஒத்திசைவு டிராப்பாக்ஸ் வழியாகத்தான். ஆண்ட்ராய்டுக்குச் செயலி இல்லை. நம் ஊரில் இது சின்னக் குறை இல்லை.

பதிப்பாசிரியர் கைக்குப் போனதும் ஸ்க்ரிவனரின் வேலை முடிந்தது. யார் எதைத் திருத்தினார் என்று காட்டும் வேர்டின் டிராக் சேஞ்சஸ் இதற்குள் வராது. கம்பைல் செய்த டாக்ஸிலேயே மீதித் திருத்தமெல்லாம் நடக்கட்டும். திரும்ப உள்ளே கொண்டுவர மெனக்கெட வேண்டாம்.

விலை சுமார் 60 டாலர், சந்தா இல்லை. மேக்குக்கும் விண்டோஸுக்கும் தனித்தனி உரிமம். சோதனைக் காலம் 30 நாள். திறந்து வேலை செய்த நாள் மட்டுமே கணக்கு, வாரம் இரண்டு நாள் எழுதினால் 15 வாரம் ஓடும். அதற்குள் ஒருமுறையாவது, நாவல் பாதியில் இருந்தாலும், கம்பைல் செய்து பார்த்துவிட்டுக் காசு கட்டுங்கள்.