டபிள்யூஎம்கன்ட்ரோலா, டெவில்ஸ்பை 2-ஆ?

லினக்ஸில் ஜன்னல்கள் தானாகவே சரியான இடத்தில் போய் உட்கார வேண்டும் என்றால் இந்த இரண்டும்தான் முதலில் நினைவுக்கு வரும்.

டபிள்யூஎம்கன்ட்ரோல் (wmctrl) டெர்மினலில் இயங்கும் ஒரு கட்டளைக் கருவி. கூப்பிட்டால் திறந்திருக்கும் ஜன்னல்களைப் பட்டியலிடும், நகர்த்தும், அளவை மாற்றும், அதோடு வேலை முடிந்து வெளியேறிவிடும். ஷார்ட்கட் விசையில் ஒரு பாஷ் ஸ்கிரிப்டை (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பை) கட்டிவைத்து, அழுத்தியதும் எடிட்டர் இடப்பக்கம், டெர்மினல் வலப்பக்கம் என்று அடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் புதிதாகத் திறக்கும் ஜன்னலுக்கு இது ஒத்துவராது. ஜன்னல் வரும்வரை ஸ்கிரிப்டில் ஸ்லீப் என்ற இடைநிறுத்தக் கட்டளையைப் போட்டுக் காத்திருக்க வேண்டும், 2 விநாடி ஒருநாள் போதும், மறுநாள் போதாது. பெரிதாக்கிய நிலையில் இருக்கும் ஜன்னல் பெரும்பாலும் நகராது என்பதால் முதலில் அந்த நிலையை நீக்க வேண்டும்.

டெவில்ஸ்பை 2 பின்னணியிலேயே ஓடும். ஜன்னல் திறந்த கணமே லுவா மொழியில் நாம் எழுதிவைத்த ஸ்கிரிப்டை இயக்கும், பெயரைப் பார்த்து வேண்டிய பணித்தளத்துக்கு (வொர்க்ஸ்பேஸ்) அனுப்பிவிடும். ஸ்லீப் தொல்லையே கிடையாது. அன்றாட விதிகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க: பணித்தள எண் முதலாவதில் 0-இல் தொடங்கும், இரண்டாவதில் 1-இல்.

அப்புறம், இரண்டுமே லினக்ஸில் ஜன்னல்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ்11-க்கானவை. அதற்குப் பதிலாக வந்த புதிய அமைப்பான வேலாண்டில் நேரடியாக ஓடும் ஜன்னல்களை இவற்றால் தொட முடியாது. அங்கே கேடிஇ டெஸ்க்டாப்பின் கேவின் ஸ்கிரிப்ட் போல அந்தந்த டெஸ்க்டாப் தரும் வழியைத்தான் பிடிக்க வேண்டும்.