ஐந்து ஆண்டுகளாகத் தோசை மாவை டெலிவரி செயலியில் அனுப்புகிறேன்

சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் எங்கள் வீட்டிலிருந்து சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கிளம்பும் தோசை மாவு, 11 மணிக்குள் வாங்கியவரின் ஃபிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். தாமதமானால் இந்த ஊர் வெக்கையில் பாக்கெட்டுக்குள்ளேயே பொங்கிவிடும். இதை முதலில் சொல்லக் காரணம், எந்தச் செயலியையும் நான் எடைபோடுவது இந்த நான்கு மணி நேரத்தை வைத்துத்தான்.

2020இல் கொவிட் கட்டுப்பாடுகளின்போது வீட்டிலிருந்து உணவு விற்பதும் நிறுத்தப்பட்டிருந்தது. மே 12 முதல் மறுபடி அனுமதித்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் நான் தொடங்கினேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அரசு அடுக்குமாடி வீட்டில் சிறு வியாபாரம் செய்யலாம், ஆனால் அந்த வீட்டில் வசிக்காத ஆளை வேலைக்கு வைக்க முடியாது. எங்களிடம் காரும் இல்லை. முதல் இரண்டு மாதம் என் கணவர் தள்ளுவண்டிப் பையோடு எம்ஆர்டி ரயிலில் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். பொங்கோலுக்கும் உட்லண்ட்ஸுக்கும் ஒரே காலையில் போக முடியாது என்று புரிந்த பிறகுதான் செயலிப் பக்கம் வந்தோம்.

தொடக்கத்தில் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு வண்டி கூப்பிட்டோம். ஒரு கிலோ மாவு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அதை ஜூரோங்குக்குத் தனி காரில் அனுப்ப மாவு விலையைப் போல மூன்று மடங்கு ஆனது. வாடிக்கையாளர் ஏன் கொடுப்பார்? வியாபாரத்தைக் காப்பாற்றியது, ஒரே பயணத்தில் பல நிறுத்தங்கள் போடும் வசதிதான். எட்டு, பத்து வீடுகளைச் சேர்த்துப் போட்டால் ஒரு வீட்டுக்கான செலவு 4 வெள்ளிக்குள் அடங்குகிறது.

அதற்கு ஆர்டர் எடுக்கும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் 1995 முதல் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு. ஏறக்குறைய ஒவ்வொரு புளோக்குக்கும், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்துக்கும், தனி எண். முதல் இரண்டு இலக்கங்களே வட்டாரத்தைச் சொல்லிவிடும்: 73 உட்லண்ட்ஸ், 76 ஈசூன், 54 செங்காங், 82 பொங்கோல், 52 தெம்பனிஸ். ஆர்டர் படிவத்தில் அஞ்சல் குறியீட்டைத் தனிக் கட்டமாக வைத்து, அதன்படி வரிசைப்படுத்தி, சனிக்கிழமை வடக்கும் வடகிழக்கும், ஞாயிறு கிழக்கு, மேற்கு என்று பிரித்தேன். வாரக் கடைசியில் வேண்டுமென்றால் வியாழன் இரவுக்குள் பேநவ் என்ற வங்கிப் பணப்பரிமாற்றம் வழியே பணம் கட்டிவிட வேண்டும். பட்டியல் முடிந்த பிறகுதான் அரிசி ஊறப்போடுவேன். செயலி வழியைத் தானே சரிசெய்யும் என்பது உண்மை. ஆனால் சிதறிக் கிடக்கும் முகவரிகளைக் கொடுத்தால் அது என்ன செய்யும்?

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது, செயலியில் ஓட்டுநருக்குக் குறிப்பு எழுதும் இடத்தை. ஓட்டுநரின் நேரம் சாலையில் போவதைவிடப் புளோக்கின் அடியில்தான் அதிகம் போகிறது. வீவக கார் நிறுத்துமிடத்தில் 10 நிமிடம்வரை கட்டணம் இல்லை, அதைத் தாண்டினால் அவர் கைக்காசு. எந்த லிஃப்ட், எந்தக் கார் நிறுத்துமிடம் பக்கம், கொண்டோ (தனியார் அடுக்குமாடி) என்றால் எந்த வாசல், பாதுகாவலரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் "அக்கா, இங்கே எப்படி மேலே போறது?" என்று வரும் அழைப்புகள் அநேகமாக நின்றுவிட்டன. கண்காணிப்பு இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதால் "எங்கே வருது?" என்ற கேள்வியும் இல்லை. ஓட்டுநர் கதவருகே எடுத்து அனுப்பும் படம் மட்டும் போதாது. ஃபிரிட்ஜில் வைத்ததும் ஒரு வரி அனுப்பும்படி வாடிக்கையாளரிடம் சொல்வேன்.

மோசமான நாளும் உண்டு. ஒரு தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, காலையிலேயே கொட்டும் மழை. ஒரு செயலியில் இரண்டு ஓட்டுநர்கள் அடுத்தடுத்து ஏற்று ரத்து செய்தார்கள். கட்டணம் ஏறிக்கொண்டே போனது. மூன்றாமவர் வந்தபோது மணி பத்தரை. கடைசி நான்கு வீடுகளுக்கு மாவு புளித்து, ஒரு பாக்கெட் வெடித்துத்தான் போய்ச் சேர்ந்தது. இழப்பீடு கேட்டேன். கெட்டுப்போகும் பொருளுக்குக் கிடையாது என்று பதில் வந்தது. விதிமுறையில் அது இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. நான்கு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து மாவைக் குளிரவைத்து, ஐஸ் பையோடு தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, முந்தைய இரவே வண்டியைப் பதிவு செய்துவிடுகிறேன். மோட்டார்சைக்கிளில் அனுப்பினால் கட்டணம் குறைவுதான், ஆனால் மாவுக்கு அது வேண்டாம்.

இட்லிப் பொடி, முறுக்கு மாதிரி காய்ந்த பொருளுக்கு இந்தத் தலைவலி இல்லை. நிஞ்சா வேன் மாதிரி பார்சல் சேவையோ, 2021இல் தீவெங்கும் வந்த, வாங்குபவரே போய்ப் பார்சலை எடுத்துக்கொள்ளும் பிக் பெட்டகமோ போதும்.

2025 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம், செயலி வழியே ஓட்டுபவர்களுக்கு வேலைக் காய இழப்பீட்டைக் கொண்டுவந்தது. 1995 முதல் பிறந்தவர்களுக்குக் கூடுதல் மசேநி (மத்திய சேமநிதி) சந்தா கட்டாயம். மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம். கட்டணம் கூடுமே என்று நானும் கவலைப்பட்டேன். ஆனால் மழையில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஐந்தாம் மாடிக்கு ஏறும் அங்கிள் வழுக்கி விழுந்தால் அவருக்கு யார் துணை? அதற்காகச் சில காசுகள் கூடினால் கொடுப்பதுதான் முறை.

எனக்கு இன்னும் வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் தனி நேரம் குறிக்கும் வசதி. நான் பயன்படுத்துவதில் அது இல்லை. அதுவரை கைக்குழந்தை இருக்கும் வீடுகளையும், தனியாக இருக்கும் வயதானவர்களையும் நானே வரிசையில் முதலில் வைத்து, செயலி அதை மாற்றிவிடாமல் பூட்டிவிடுகிறேன்.